மருமகனின் 12 ஆண்டுக் கணக்கு



பாடநூலையும் பயிற்றியலையும் பற்றி எழுத வேண்டிய ஆசிரியன் குடியுரிமையைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிலர் வினவலாம். முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போது பெற்றோரின் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பவன் ஆசிரியன்தானே? தாயின் அட்டை நீலமாகவும் தந்தையின் அட்டை சிவப்பாகவும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இருவருடையதும் சிவப்பாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. அந்தச் சிவப்பு அட்டைக்காரர்களைப் பற்றி நம்மவர்களே பேசும் ஒரு பேச்சுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

"நாட்டின் மீது பற்று இருந்தால் நாட்டிலேயே இருக்க வேண்டியதுதானே? மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில் சுற்றுகிறவருக்கு எதற்குக் குடியுரிமை?" கல்யாண விருந்திலும் கோவில் திடலிலும் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இந்தப் பேச்சு தவறு. சட்டத்தின்படியும் தவறு, மனிதத் தன்மையின்படியும் தவறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மலேசியக் குடிமகனை மணந்து இங்கு வரும் மருமகள், கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் விதியின் கீழ், விண்ணப்பத்திற்கு முந்திய 2 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். நடைமுறையில் அது எவ்வளவு நீளும் என்பது வேறு கதை. நம் பெண்ணை மணந்து தமிழ்நாட்டிலிருந்து வரும் மருமகனுக்கு அந்த வாசல் கிடையாது. அவர் 19ஆம் விதியின் வழியாகத்தான் வரவேண்டும். விண்ணப்பத்திற்கு முந்திய 12 ஆண்டுகளில் மொத்தமாக 10 ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும். கடைசி 12 மாதங்கள் அந்தப் பத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும், நன்னடத்தை வேண்டும். தற்காலிக பாஸில் தங்கியிருந்த காலம் அமைச்சரின் இசைவு இல்லாமல் கணக்கில் சேராது. ஆக, திருமணம் முடிந்த நாளிலிருந்து அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. நிரந்தரவாசத் தகுதி கிடைத்த பிறகே அது ஓடத் தொடங்குகிறது.

மருமகளுக்கு 2, மருமகனுக்கு 10! பெண் கொடுத்த வீட்டுக்கு இந்த நாடு தரும் மரியாதையைப் பாருங்கள். ஆனால் அந்த வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு பயணத்தைப் பற்றியது.

சிகாமட் ஜொகூரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனையும் இரப்பரும். படித்த மருமகனுக்கும் கைத்தொழில் தெரிந்த மருமகனுக்கும் ஏற்ற வேலை இங்கே எத்தனை இருக்கிறது? எனவே தென்கோடிக்குப் போகிறார்கள், அங்கிருந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போகிறார்கள். நிறுவனம் அனுப்பினால் வளைகுடாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போகிறார்கள். கப்பலில் வேலை என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் இங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுக் கடன் இங்கே கட்டப்படுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தாவும் இங்கேதான் வருகிறது.

இவர்கள் வெளியே இருந்த நாள்களைச் சட்டம் எப்படி எண்ணுகிறது? அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பாகம், 20ஆம் பிரிவைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவான இல்லாமை, இங்கு வசித்ததாகவே கருதப்படும். உடல்நலத்திற்காகவும் அங்கீகரிக்கப்பட்ட கல்விக்காகவும் வெளியே இருந்த காலம் வசித்ததாகவே கருதப்படும். கூட்டரசு அல்லது மாநில அரசின் பணிக்காக வெளியே இருந்த காலமும் அப்படியே. இவை தவிர, அமைச்சர் பொதுவாகவோ தனியாகவோ வரையறுக்கும் வேறு காரணங்களையும் ஏற்கலாம். வாரந்தோறும் சிங்கப்பூர் சென்று வருபவர் குற்றவாளிபோல் கூனிக் குறுகி நிற்கத் தேவையே இல்லை. இந்தச் செய்தி தெரியாமல், "நமக்குக் கிடைக்காது" என்று மனுப் பாரத்தைக் கையில் தொடாமலே விட்டவர்கள் உண்டு.

இப்போது நான்காம் ஆண்டு மாணவனுக்குக் கொடுப்பதுபோல் ஒரு கணக்குப் போடுவோம். பன்னிரண்டு ஆண்டு என்றால் 144 மாதம். வசிக்க வேண்டியது 120 மாதம். ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவை, தொடர்ந்து ஐந்து ஐந்து மாதமாக வெளியே போய் வருகிறார். மொத்தம் 60 மாதம் அவர் நாட்டில் இல்லை. சட்டத்தின் எழுத்தின்படி அவர் 144 மாதமும் இங்கே வசித்தவர். மற்றொருவர் 12 ஆண்டுகளில் மூன்றே மூன்று குத்தகைப் பணிகளுக்குப் போனார், ஒவ்வொன்றும் ஒன்பது மாதம். மொத்தம் 27 மாதம். அவருக்குக் கிடைப்பது 117. மூன்று மாதம் குறைகிறது! 60 மாதம் வெளியே இருந்தவர் தேறிவிட்டார், 27 மாதம் இருந்தவர் தேறவில்லை. இதே 27 மாதத்தை அரசுப் பணிக்காக ஒருவர் கழித்திருந்தால் அவருக்குக் குறைவு எதுவும் இல்லை.

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். எந்த நாடும் குடியுரிமை கேட்பவரை "இங்கே வாழ்ந்து காட்டு" என்று கேட்பது முறையே. கடப்பிதழுக்காக மட்டும் வந்து ஒட்டிக்கொள்பவர்களைத் தடுக்க அது தேவை. ஆனால் நாட்டுக்கு வரி கட்டும் தொழிலாளியை வேலை வெளியே அனுப்புவதும், ஒருவர் தம் விருப்பத்தால் வெளியே குடியேறுவதும் ஒன்றாகுமா? அரசு அனுப்பினால் பற்று, கம்பெனி அனுப்பினால் துரோகம் என்பது என்ன நீதி?

நாள் எண்ணும் கணக்கு ஏழைத் தமிழனை என்ன செய்யும் என்பதற்கு இலங்கை மலையகமே சான்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்து, தங்கையின் கல்யாணத்தை முடித்து, நோயில் விழுந்து, தாமதமாகத் திரும்பிய தோட்டத் தொழிலாளி எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பான்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது. எஞ்சியவர்களின் பெயரால் 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது.

நம் மலாயாவின் 1948 ஒப்பந்தத்திலும் ஆண்டுக் கணக்கு இருந்தது. 1957இல் அது தளர்ந்தது. தளர்ந்த வேளையில் மனுப் போடாமல் இருந்துவிட்ட நம் பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அலைகிறார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆஸ்திரேலியா 2009இல் தன் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கப்பல், விமானப் பணியாளர் போல அடிக்கடி வெளியே செல்ல வேண்டிய சில தொழில்களைச் செய்வோர், 4 ஆண்டில் 480 நாள், அதில் கடைசி ஆண்டில் 120 நாள் அங்கே இருந்தால் போதும். இதனால் ஆஸ்திரேலியா மூழ்கிப் போய்விடவில்லை. நம் நாட்டுக்கு அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை. 'வேறு காரணங்களை' ஏற்கும் அதிகாரம் 20ஆம் பிரிவிலேயே அமைச்சரிடம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேட வேண்டாம். வேலைக்காக ஏற்பட்ட இல்லாமையை, வீடும் மனைவி மக்களும் இங்கேயே இருந்தவர்களுக்கு ஏற்கலாம் என்று பொதுவாக ஒரு கட்டளை போதும். நம் சமுதாயத் தலைவர்கள் மேடையில் சால்வை வாங்கும் நேரத்தில் இதைக் கேட்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தில் தாய்மார்களுக்கு நல்ல செய்தி இருந்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையைப் போலவே தாயும் குடியுரிமையைத் தரலாம் என்பது அது. அதை எல்லாரும் கொண்டாடினோம். அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே போதும் என்ற பழைய நிலை நீக்கப்பட்டதை எத்தனை பேர் கவனித்தோம்? திருத்தம் நடப்புக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சிவப்பு அட்டைக்காரர்களாக இருக்கும் வீட்டில், தந்தையின் மூன்று மாதக் குறைவு இனிப் பிறக்கும் பிள்ளையின் தலையில் விழும். முதலாம் ஆண்டுப் பதிவு நாளில் அந்தத் தந்தைக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

ஆகவே ஆசிரிய நண்பர்களே, பதிவின்போது சிவப்பு அட்டையைக் கண்டால் இரக்கப் பார்வையோடு நிறுத்தாதீர்கள். "ஐயா, மனுப் போட்டாச்சா?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, காலாவதியான கடப்பிதழைத் தூக்கி எறியாதீர்கள், அதிலுள்ள முத்திரைகள்தாம் உங்கள் சாட்சி. ஒவ்வொரு பயணத்துக்கும் போன தேதி, வந்த தேதி, அனுப்பிய நிறுவனத்தின் கடிதம், மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வருமான வரிப் பத்திரம், வீட்டுக் கடன் இரசீது, பிள்ளையின் பள்ளிப் பதிவு ஆகியவற்றின் நகலும் அதில் இருக்கட்டும். பயணம் ஆறு மாதத்தைத் தொடப் போகிறது என்று தெரிந்தால், தொடுவதற்கு முன்பே ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். விண்ணப்பிக்க எண்ணியிருக்கும் ஆண்டுக்கு முந்திய 12 மாதத்தில் நீண்ட குத்தகை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலாய்த் தேர்வுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் உங்கள் பிள்ளையின் பள்ளியில் தேசிய மொழி ஆசிரியர் இருக்கிறார். தயங்காமல் கேளுங்கள்.