வடகம் திருடியது யார்?



"பையனுக்குத் தமிழ் பேச வருது, வாசிக்கத்தான் வரலை" என்ற பேச்சை இப்போது எத்தனை வீட்டில் கேட்கிறோம்! சென்ற கோடை விடுமுறைக்குத் தச்சநல்லூர் வந்த என் பேரனும் அப்படித்தான். பத்து வயது. சென்னையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஜங்ஷனுக்குப் போன அன்று பஸ் போர்டை எழுத்துக்கூட்டித் தப்பாக வாசித்துவிட்டான். கூட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டன. அதிலிருந்து தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே, "தூக்கம் வருது ஆச்சி" என்பான். சோம்பல் இல்லை, வெட்கம்.

நான் அதட்டவில்லை. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எடுத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். தேவன் (1913-1957) 1940-களில் ஆனந்த விகடனில் உலவவிட்ட அசட்டு பாங்க் குமாஸ்தாதான் சாம்பு. அவர் உளறுவார், தடுக்கி விழுவார், குற்றவாளி அகப்பட்டுவிடுவான்! சிறுவர்களுக்கென்று எழுதியதல்ல, ஆனாலும் பிள்ளைகளுக்கு அசடு ஜெயிப்பதைப் பார்க்க எவ்வளவு ஆசை தெரியுமா? தன்னையே அசடு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

துப்புத் துலங்கப் போகிற இடத்தில், "அடுப்பில் சொதி கொதிக்குது" என்று எழுந்து போய்விடுவேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தால், விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அவனே வாசித்துக்கொண்டிருந்தான்!

அந்தச் சமயம் பார்த்து வீட்டிலும் ஒரு மர்மம். மொட்டை மாடியில் காயப்போட்ட கூழ் வடகம் தினம் குறைந்தது. நான் காகத்தைத் திட்டினேன். பேரன் இரண்டு நாள் நோட்டும் கையுமாக அலைந்தான். பிறகு யாருக்கும் தெரியாமல் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தான்.

"ஆச்சி, காகம் முக்குபொடி போடாது."

வேட்டியின் ஓரத்தைப் போய்ப் பார்த்தேன். பொடிக் கறை! எங்கள் வீட்டில் பொடி போடுகிறவர் ஒருவர்தான். தாத்தா.

சிரித்தேன், உடனே வயிற்றைக் கலக்கியது. அவருக்கு ரத்தக் கொதிப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் குழம்பில் உப்பைக் குறைக்க, அவர் மாடியில் ஈடுகட்டியிருக்கிறார்! மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காத மர்மமும் விளங்கியது. மறுநாளே டாக்டரிடம் உள்ளதைச் சொன்னோம்.

"ஏன்லே எல்லார் முன்னாலயும் சொல்லலை?" என்று பேரனைக் கேட்டேன். "தாத்தாவைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்கள்லா?" என்றான். பஸ் போர்டை அவன் மறக்கவில்லை.

ஜெர்மனியில் எரிக் கெஸ்ட்னர் 1929-இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' இதே வகைதான். அம்மா கொடுத்தனுப்பிய பணத்தை ரயிலில் பறிகொடுத்த எமிலுக்காக, பெர்லின் நகரத்துப் பிள்ளைகள் கூட்டமாகத் திருடனைத் துரத்துகிறார்கள். கொலை இல்லை, ரத்தம் இல்லை. 8 முதல் 12 வயதுக்கு இப்படிப்பட்ட கதைதான் ஏற்றது.

உங்களுக்குச் சில யோசனைகள்: தினம் பதினைந்து நிமிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். சுவையான இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளை வாசிக்கும்போது தப்பைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். "யாராயிருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தச் சீட்டில் விட்டுப்போன எழுத்துகளை நானும் திருத்தவில்லை. அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். வடகத்தை மட்டும் இந்த வருஷம் உப்பைக் குறைத்துப் போட்டேன். தாத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறார்!