அழுத்தினால் மட்டும் ஆழம் போகுமா?

"இன்னும் கொஞ்சம் அழுத்து, சீக்கிரம் முடிஞ்சிடும்" – வேலை நடக்கும் எந்த இடத்திலும் இந்தக் குரலைக் கேட்கலாம். பூமியைத் துளையிடும் தொழிலில் இது பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மீதிப் பாதியில்தான் டிப்ளமோ படிக்கும் நமக்கு வேலை இருக்கிறது.

நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுத்ததும், 1993-ல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்ததும் நாம் அறிந்ததே. டெல்டாவில் புதிதாகத் தோண்டலாமா என்ற கேள்விக்கு 2020-ல் சட்டமே வந்துவிட்டது. நான் சொல்ல வருவது தோண்டும் கணக்கை மட்டும்.

எண்ணெய்க் கிணற்றில் டிரில்லர் கையில் முக்கியமாக மூன்று பிடிகள்: பிட் மேல் வைக்கும் எடை, பிட் சுற்றும் வேகம், வெட்டிய தூளை மேலே கொண்டுவரும் சேற்றுக் குழம்பின் ஓட்டம். எடையைக் கூட்டினால் ஓர் எல்லை வரை வேகம் கூடும். அதைத் தாண்டினால் தூள் சரியாக வெளியேறாது. வெட்டியதையே பிட் திரும்பத் திரும்ப அரைக்கும். களிமண் என்றால் பிட் மேலேயே அப்பிக்கொள்ளும். எஞ்சின் முக்கும், ஆழம் கூடாது! 1965-ல் டீல் என்ற ஆய்வாளர் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். ஒரு கன அளவு பாறையை வெட்ட எவ்வளவு சக்தி செலவாகிறது என்று பாருங்கள். அது பாறையின் அமுக்க வலிமையை ஒட்டி இருந்தால் வேலை சரி. பல மடங்கு ஏறினால் சக்தி வீண்.

வேகம் மட்டுமே லாபமும் அல்ல. 3000 மீட்டர் ஆழத்தில் பிட் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் சுமார் 27 மீட்டர் துண்டுகளாக மேலே இழுத்து, மறுபடி இறக்க வேண்டும். நூறு தடவைக்கு மேல் இழுப்பு! ரிக்கின் வாடகையோ ஓடிக்கொண்டே இருக்கும்.

இதே கணக்கு நம் வீட்டு போருக்கும் உண்டு. திருவேற்காடு கூவம் கரை ஊர். மேலே மணலும் களியும், கீழே பாறை. ஒரே அழுத்தம் எல்லாவற்றுக்கும் பொருந்துமா? என் அப்பா போர் லாரியில் வேலை பார்க்கிறார். படிவங்களில் அவர் தொழில் 'கூலி'. ஆனால் சத்தம் மாறினாலே "பாறை மாறுதுப்பா, எடையைக் குறை" என்பார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நான் புத்தகத்தில் படிப்பதை அவர் காதால் படிக்கிறார்.

வருத்தம் என்னவென்றால், அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. போருக்குக் காசு அடிக்கணக்கில்தான். அதனால் எல்லோருக்கும் அவசரம். தண்ணீர் விடாமல் பாறையில் ஓட்டினால் சிலிக்கா தூசு நெஞ்சுக்குள் போகும். அதனால் வரும் சிலிகோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. ராத்திரி அப்பா இருமும்போது எனக்குத் தூக்கம் போய்விடும். அவசரத்தின் விலையை யார் கட்டுகிறார்கள்?

"அனுபவம் இருக்கும்போது நோட்டு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். அனுபவம் ஒருவரோடு போய்விடும். நோட்டு அடுத்த வண்டிக்கும் வழி சொல்லும். எண்ணெய்க் கிணற்றில் மீட்டருக்கு மீட்டர் பதிவு செய்கிறார்கள். நாமும் இறுதியாண்டு புராஜெக்டாக இதைச் செய்யலாமே! ஒவ்வொரு ராடும் இறங்க எடுத்த நேரம், காற்றழுத்தம், தூளின் நிறம், தண்ணீர் வந்த ஆழம், தூசுக்குத் தண்ணீர் விட்டார்களா – ஐந்தே கட்டம் போட்ட ஒரு தாள் போதும். ஒரே ஏரியாவில் பத்து போருக்கு எழுதினால், எங்கே அழுத்தலாம், எங்கே நிதானிக்கணும் என்பது தெரிந்துவிடும். தாளின் தலைப்பில் டிரில்லர் பெயரோடு உதவியாளர் பெயரையும் எழுதுவோம்.

அழுத்துகிற கையும் எழுதுகிற கையும் ஒன்று சேரட்டும், நண்பர்களே!