இடம் மாறுவது இழுக்கா?

சென்ற மாதம் ஒரு திருமண விருந்தில், கை கழுவித் திரும்பிய என்னை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தனியே அழைத்துச் சென்றார். அவருடைய மூத்த மகன் அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகனுடைய மகள் அங்கே ஒரு கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள். அதை விட்டு, பெயர் பெற்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற அவள் விண்ணப்பித்திருக்கிறாளாம். “தம்பி, நீதான் எழுதுகிறவனாயிற்றே! பிள்ளைக்கு இரண்டு வரி எழுதிப் புத்தி சொல். சேர்ந்த இடத்தில் நிலைக்காதவளுக்கு எந்த இடமும் நிலைக்காது” என்றார் பெரியவர். புத்தி சொல்ல என் மனம் இசையவில்லை. ஏன் இசையவில்லை என்பதைப் பந்தல் இரைச்சலில் விளக்க முடியவில்லை, இங்கே விளக்குகிறேன்.

பெரியவரின் கருத்து அவருடையது மட்டுமன்று. கல்லூரி மாறுகிறவன் என்றாலே, படிப்பில் தோற்றவன், அல்லது ஆசிரியரோடு முரண்பட்டவன், அல்லது மனம் அலைபாய்கிறவன் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பொறுமையைப் போற்றுகிற சமுதாயம் நாம். ஆனால் பொறுமை வேறு, இருந்த இடத்திலேயே இருந்துவிடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டதால், பதினேழு வயதில் அரைகுறை அறிவோடு செய்த தேர்வை ஆயுள் முழுதும் சுமக்க வேண்டிய கடமையாக ஆக்கிவிட்டோம்.

முதலில், அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதைப் பார்ப்போம். மனம் அலைபாய்கிறவர்கள் செய்யக்கூடிய செயலா அது? அமெரிக்காவில் வடிகட்டிச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மார்ச் மாத வாக்கில் மாற்ற விண்ணப்பங்களைப் பெறுகின்றன. உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல் வேண்டும். பயின்ற ஒவ்வொரு கல்லூரியின் பட்டியலும் வேண்டும். நடப்புப் பருவத்தில் ஒவ்வொரு பாடத்திலும் இதுவரை என்ன நிலை என்பதை ஆசிரியர்களிடம் கேட்டு நிரப்பிய அறிக்கை வேண்டும். இப்பொழுது பயிலும் கல்லூரியின் அலுவலர், இம்மாணவி நன்னிலையில் உள்ளவள், ஒழுங்கு நடவடிக்கை ஏதுமில்லை என்று சான்றளிக்க வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேறு. எந்த வீட்டை விட்டு வெளியேற விரும்புகிறாளோ, அந்த வீட்டாரிடமே நற்சான்று பெற்று வர வேண்டும்! முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் விரிவுரைக் கூடத்தில் பின்வரிசைப் பெண்ணின் முகத்தைக்கூட அறியாத பேராசிரியர் அவளைப் பற்றி எதை எழுதுவார்? இவற்றோடு, ஏன் மாற விரும்புகிறாய் என்ற வினாவுக்கு, விடும் கல்லூரியை இகழாமலும் நாடும் கல்லூரியை அளவுமீறிப் புகழாமலும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நம்மவருள் பட்டம் பெற்ற பலருக்கும் அந்தக் கட்டுரை எளிதில் கைவராது.

இத்தனையும் செய்த பின் அவளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990க்குப் பின் மாற்று மாணவர் சேர்க்கையையே நிறுத்தி வைத்திருந்தது. 2018இல் மீண்டும் கதவைத் திறந்தபொழுது விண்ணப்பித்தவர் 1,429 பேர். இடம் வழங்கப்பட்டவர் 13 பேர். படைத்துறையில் பணியாற்றித் திரும்பியோர், சமுதாயக் கல்லூரிகளில் பயின்ற எளிய குடும்பத்தார் ஆகியோரை ஊக்குவிப்பதே நோக்கம் என்று அறிவித்ததை மறைக்க வேண்டியதில்லை; நோக்கம் நன்றே. ஆயினும் பதின்மூன்று பேர் நுழைவதைக் கதவு திறந்தது என்பதா, சாளரம் சற்றே அசைந்தது என்பதா? ஹார்வர்டின் செயலோ இதனினும் கொடிது. 2008இல், மாணவர்களின் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த பின்னர், விடுதியில் இட நெருக்கடி என்று காரணம் கூறி, இரண்டாண்டுகளுக்கு எவரையும் மாற்றிச் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. உலகின் பெருஞ்செல்வப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டில் போட இடமில்லையாம்!

இங்கேதான் என் வழக்கு பெரியவரை விட்டு அந்தப் பல்கலைக்கழகங்களின் மீது திரும்புகிறது. நாங்கள் செல்வத்தைப் பார்ப்பதில்லை, தகுதியைத்தான் பார்க்கிறோம் என்பது அவர்களின் முழக்கம். தகுதி எப்பொழுது தெளிவாகத் தெரியும்? பள்ளிப் பிள்ளையாக இருக்கும்பொழுதா, கல்லூரிப் பாடங்களையே பயின்று தேறிக் காட்டிய பின்னரா? பதினேழு வயதில் ஒருவனுடைய மதிப்பெண்ணில் அவன் தந்தையின் வருவாயும், பள்ளியின் தரமும், தனிப்பயிற்சிக்குக் கொடுத்த பணமும் கலந்திருக்கின்றன. பத்தொன்பது வயதில், ஒரு கல்லூரியின் வகுப்பில் அவன் பெற்ற மதிப்பெண்ணில் அவனே மிகுதியாக இருக்கிறான். தகுதிதான் அளவுகோல் என்றால் இரண்டாம் வாயிலையன்றோ அகலமாக வைத்திருக்க வேண்டும்? ஆனால் பெருங்கல்லூரிகள் பலவற்றில் முதல் வாயிலைவிட அதுவே குறுகல். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள்: முதலாண்டு மாணவன் மார்ச்சில் விண்ணப்பிக்கும்பொழுது அவன் கையில் இருப்பது ஒரே பருவத்தின் கல்லூரி மதிப்பெண். எனவே அவனுடைய பள்ளி மதிப்பெண்ணே மறுபடியும் முன்னுக்கு வந்து நிற்கிறது. எந்தப் பழங்கணக்கிலிருந்து தப்ப நினைத்தானோ, அதே கணக்கு!

இடையில் வருவோரை வரவேற்க இக்கல்லூரிகளுக்கு ஆர்வமில்லாமைக்கு விடுதிக் கட்டில் மட்டும் காரணமன்று. 1990ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தையொட்டி, அமெரிக்கக் கல்லூரிகள் தம் மாணவருள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு, முதன்முறையாக, முழுநேர மாணவராகச் சேர்ந்தோரை மட்டுமே எண்ணுகிறது. வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தவன் எவ்வளவு சிறப்பாகப் பட்டம் பெற்றாலும் அதில் இடம்பெற மாட்டான். விட்டுச் சென்றவனோ, சென்ற இடத்தில் பட்டம் பெற்றாலும் பழைய கல்லூரியின் ஏட்டில் பட்டம் பெறாதவன்! அண்மை ஆண்டுகளில் மாறுவோரையும் எண்ணும் வேறோர் அளவை வந்துள்ளது உண்மை. ஆயினும் பெற்றோர் தேடிப் பார்ப்பதும், தர வரிசை வெளியிடுவோர் எடுத்தாள்வதும் பெரும்பாலும் பழைய கணக்கையே. ஏட்டில் எண்ணப்படாத மனிதனுக்கு நாற்காலி போட எவருக்கு மனம் வரும்?

வழியில் நிகழும் இழப்பையும் கூற வேண்டும். ஒரு கல்லூரியில் ஈட்டிய ‘கிரெடிட்’ எனும் பாடப்புள்ளிகளை மறு கல்லூரி முழுமையாக ஏற்பதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தம் புள்ளிகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்த கணக்கு இது. வடிகட்டிச் சேர்ப்பவற்றுக்கு மட்டுமானதன்று. இருந்தாலும், பணம் கட்டி, கண் விழித்து, தேர்வெழுதிப் பெற்றதில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துபோகிறது என்றால் அதற்கு வேறு பெயர் இல்லையா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வில் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இளமையில் ஜுர்ஜானில் கல்வி கற்றுத் தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் அவரை மறித்து, பாடக் குறிப்புகள் இருந்த பையையும் பறித்துக்கொண்டனர். அந்தக் குறிப்புகளை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள் என்று அவர் மன்றாட, பை போனால் போய்விடுவதெல்லாம் கல்வியா என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். நகைத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தானாம். இமாமவர்கள் அதன்பின் மூன்றாண்டுகள் உழைத்து அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார்கள். பின்னர் நைசாபூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் மாணவரானார்கள். தூஸ் எங்கே, ஜுர்ஜான் எங்கே என்று ஜுவைனி அவர்கள் புள்ளிக் கணக்குப் பார்த்ததாக எவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கொள்ளையன் பையையாவது திருப்பிக் கொடுத்தான். பதிவாளர் அலுவலகங்கள் அதையும் செய்வதில்லை.

நம் கடற்கரையூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். இடம் மாறுவது இழுக்கு என்று கூறும் பெரியவரும் அம்மத்ஹபினரே. அந்த இமாமின் வரலாறு என்ன? ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, ஏழைத் தாயால் மக்காவில் வளர்க்கப்பட்டு, அங்குள்ள அறிஞர்களிடம் கற்றுத் தேறிய பின், இதுவே போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை முதலிலேயே மனனம் செய்துகொண்டு மதீனாவுக்குப் புறப்பட்டார். மக்காவின் ஆளுநரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் வாங்கிச் சென்றார் என்பர். பெருமானார் (ஸல்) அவர்களின் கல்வியைத் தேடக் கடிதம் ஒரு வழியா என்று மாலிக் அவர்கள் அக்கடிதத்தை எறிந்துவிட்டு, இளைஞரின் பேச்சைக் கேட்டு, அவரை ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கடிதத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்த அந்தச் சேர்க்கை முறையை இன்றைய சேர்க்கைக் குழுக்கள் ஒரு நாளாவது கைக்கொள்ளக் கூடாதா? அதன் பின்னர் ஷாபிஈ அவர்கள் பக்தாதில் இமாம் முஹம்மது ஷைபானி அவர்களிடம் ஈராக்கியரின் சட்டக் கலையைக் கற்றார். இறுதியில் எகிப்து சென்றார். அங்கே தம் பழைய தீர்ப்புகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று நம் மதரஸாக்களில் இன்றும் பிரித்துப் பயிற்றுவிக்கப்படுவது அதனாலன்றோ? அவர் மதீனாவிலேயே நிலைத்திருந்தால் இமாம் மாலிக்கின் சிறந்த மாணவராகப் போற்றப்பட்டிருப்பார்; நமக்கென ஒரு மத்ஹப் இருந்திராது.

அவ்வளவு தொலைவு போவானேன்? சீறாப்புராணம் பாட வந்த உமறுப் புலவர் வரலாற்றுச் செய்திகளைப் பெறச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் சென்றதும், முதலில் மறுக்கப்பட்டதும், பின்னர் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியாரிடம் ஆற்றுப்படுத்தப்பட்டதும் நம்மிடையே வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஒரு வாயில் அடைபட்டதும் ‘நிலைக்காதவர்’ என்று அவருக்கு எவரும் பட்டம் சூட்டவில்லை. இவற்றையெல்லாம் மீலாது மேடைகளில் முழங்குவோம். சீன தேசத்தைப் பற்றிய அந்த வாசகத்தையும், அதன் அறிவிப்பாளர் வரிசை வலுவற்றது என்று ஹதீஸ் கலை அறிஞர் கூறியிருப்பதைப் பொருட்படுத்தாமலேயே முழங்குவோம். நம் வீட்டுப் பெண் ஒரு நகரிலிருந்து மறு நகருக்கு மாற நினைத்தால் மட்டும் நெற்றி சுருங்கிவிடும்.

மாற்றங்கள் அனைத்தும் கல்வித் தாகத்தால் நிகழ்கின்றன என்று நான் வாதிடவில்லை. பெயர்ப் பலகைக்காக மாறுவோர் உண்டு. திருமணச் சந்தையில் பேரம் பேசப் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடும் பெற்றோரும் நம்மில் உண்டு. அவர்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். முதலாண்டில் சேர்வோருக்குத் தாராளமாக அளிக்கும் உதவித்தொகையை இடையில் வருவோருக்குச் சுருக்கிக்கொள்ளும் கல்லூரிகள் இருப்பதால், கணக்குப் பார்க்காமல் மாறிக் கடனில் மூழ்குவோரும் உண்டு. அந்தக் கவலையால் பெரியவர் தயங்கியிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

ஆனால், வாயில்களை அகலத் திறந்தால் தரம் தாழ்ந்துவிடும் என்ற வாதத்தை மட்டும் ஏற்க இயலாது. கலிபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், எவரையும் ஏற்கும் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு பயின்றோர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேரும் பாதையைச் சட்டப்படி அமைத்தது. இன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் இளநிலை மாணவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அவ்வழியே வருகின்றனர். பெர்க்கிலி வளாகமும் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமும் அதில் அடங்கும். அவர்கள் பட்டம் பெறும் விகிதம், முதலாண்டிலேயே சேர்ந்தோரின் விகிதத்துக்குக் குறைந்ததன்று. பெர்க்கிலியின் தரம் தாழ்ந்துவிட்டது என்று கூற எவருக்குத் துணிவு உண்டு? மாற்றத்தால் பயனடைந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. 1981இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியை விட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பராக் ஒபாமாவும், 1966இல் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தை விட்டுப் பென்சில்வேனியாவுக்கு மாறிய டொனால்ட் டிரம்ப்பும் அந்நாட்டின் தலைமைப் பதவியை அடைந்தார்கள். வேறெதிலும் ஒத்துப்போகாத இருவர் இந்த ஒன்றில் ஒத்திருக்கிறார்கள்.

பேத்திக்கு எழுதச் சொன்ன இரண்டு வரியை நான் எழுதவில்லை, தாத்தாவுக்குத்தான் எழுதினேன். அவளுடைய விண்ணப்பத்துக்கு மே மாதம் விடை வரும். மறுப்பே வரக்கூடும், எண்ணிக்கைகள் அப்படித்தான் சொல்கின்றன. வந்தால், அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பருவத்து மதிப்பெண்ணோடு அவள் மீண்டும் விண்ணப்பிக்கட்டும். அதற்குள் அவள் முகத்தை அறிந்த பேராசிரியர் ஒருவராவது கிடைத்திருப்பார். அதுவரை பந்தல்களில் அவளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று மட்டும் பெரியவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.