ஹலால் போதாத இடத்தில்



பழைய வீட்டை உடைத்துப் புது வீடு கட்டும் பேச்சு எங்கள் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. ஓடு ஒழுகுகின்றது, மரத்தில் கறையான், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கிழக்கிலோ மகளுக்கு வீடில்லாமல் கலியாணப் பேச்சே எழும்புவதில்லை. தேவை நியாயமானதுதான். ஆனாலும் அத்திவாரம் வெட்டுமுன் ஒரு வரலாற்றை நினைத்துப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயதாயிருந்தபோது மக்கத்துக் குறைஷிகள் கஃபாவை இடித்துக் கட்டினார்கள். இடிக்க எல்லோரும் அஞ்சி நிற்க, வலீத் இப்னு முகீரா என்பவரே முதலில் கை வைத்தார். ஜித்தாக் கரையில் உடைந்த ஒரு கப்பலின் மரங்கள் கூரைக்குப் பயன்பட்டன. விபசாரத்தில் வந்த பணம், வட்டிப் பணம், அநியாயமாய்ப் பறித்த பணம் எதுவும் இதில் சேரக்கூடாதென்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். சிலை வணங்கிய மக்களின் தீர்மானம் இது!

பணம் போதவில்லை. வட்டிப் பணத்தால் குறையை நிரப்பாமல் கட்டடத்தையே சுருக்கினார்கள். அன்று வெளியே விடுபட்ட பகுதிதான் ஹிஜ்ர். அதனாற்றான் இன்றும் ஹாஜிகள் அந்த அரைவட்டச் சுவருக்கு வெளியால் தவாபு செய்கின்றார்கள். இந்த விளக்கம் எங்களுக்குக் கிடைத்ததும் ஒரு பெண்மணி கேட்ட கேள்வியால்தான். அவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு எப்படி? மேசன் பாஸ் சொன்ன தொகை பாதியிலேயே முடிந்துவிடுகின்றது. 2022இன் நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறி, கூரையில்லாமல் நின்ற வீடுகளை மறந்துவிட முடியாது. அப்படியான நேரத்தில் முதலில் அடகுக்குப் போவது எங்கள் காப்பும் மாலையும்தான். அடுத்தது வட்டிக் கடன். பக்கத்து வீடு மாடி என்பதற்காக எங்கள் பிள்ளைகளை வட்டியின் நிழலில் உறங்க வைப்பதா?

சகோதரிகளே, மஹரும் நகையும் உங்கள் சொந்த உடைமை. விருப்பமிருந்தால் கொடுக்கலாம், நெருக்கி வாங்க யாருக்கும் உரிமையில்லை. ஆகவே கணக்குப் போடும்போது நீங்களும் கூட இருங்கள். இரண்டு அறை, குசினி, குளியலறை என்று கையிலுள்ள ஹலாலுக்கு அளவாய்த் தொடங்குங்கள். நல்ல கதவு, நிலை, ஓடுகளைக் கவனமாய்க் கழற்றி வையுங்கள். மேல்மாடி பிறகு வரட்டும்.

இன்னொன்று. கஃபாவைப் பழைய அத்திவாரத்தில் மீண்டும் கட்ட நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். ஆனால் புதிதாய் இஸ்லாத்துக்கு வந்த மக்களின் மனம் தாங்காதென்று அதை விட்டுவிட்டார்கள். பழைய வீட்டில் பிள்ளை பெற்று வளர்த்த வயதான உம்மா இருந்தால், கடப்பாரை எடுக்குமுன் அவரது மனதையும் கேளுங்கள்.

சின்ன வீட்டிலும் அல்லாஹ் பறக்கத்தை இறக்குவான்.