ஒப்பம் வைக்கும் முன்னுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது ஒபரேஷனுக்குப் போக இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன வருஷம் எங்கட ராத்தாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒபரேஷன். தேவைப்பட்டால் இரத்தம் ஏற்றுவோம் என்று முதல்நாள் சொல்லியிருக்கிறார்கள். ராத்தா "எனக்கு இரத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டா. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிங்களத்தில் ஒரு கடதாசி வந்தது. பேனாவும் வந்தது. ராத்தா ஒப்பம் வைத்தா.

பின்னேரம் நான் போய் வாசித்தேன். இரண்டே வரி. நோயாளி இரத்தம் ஏற்ற மறுக்கிறார். அதனால் வரும் எதற்கும் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை. இரத்தம் கூடுதலாகப் போனால் மௌத்தாகலாம் என்று ஓரிடத்திலும் இல்லை.

ஏன் மறுத்தீங்க என்று கேட்டேன். "அவர்ட இரத்தத்த எனக்கு ஏத்தினா நிக்காஹ் முறிஞ்சிரும் எண்டு சொல்றாங்களே தம்பி" என்றா.

இதுதான் காரணம்! பால்குடி உறவின் சட்டம் பாலுக்குத்தான், இரத்தத்துக்கு இல்லை என்று உலமாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். உயிர் காக்கும் தேவைக்கு இரத்தம் ஏற்ற மார்க்கத்தில் தடையும் இல்லை. தமிழ் பேசும் இளம் டொக்டர் ஒருவர் பத்து நிமிஷம் இருந்து விளக்கினார். ராத்தா மனம் மாறி, புதிதாகச் சம்மதம் கொடுத்தா. அல்ஹம்துலில்லாஹ், இன்று வீட்டில் இருக்கிறா. அந்தப் பின்னேரம் நான் போகாமல் விட்டிருந்தால்?

நான் வாத்தியார். பிள்ளைக்கு விளங்காத மொழியில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு, வந்த விடை பிள்ளையின் விடைதான் என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா? உயிர் விஷயத்தில் மட்டும் எப்படி விடுகிறோம்?

இங்கிலாந்தில் இதே பிரச்சினை 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வாகன விபத்தில் சிக்கிய 34 வாரக் கர்ப்பிணி ஒருவர். தாய் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். மகள் அந்தச் சபையில் சேர்ந்தவர் இல்லை. தாயோடு தனியே பேசிய பிறகு மகள் இரத்தம் வேண்டாம் என்று சொல்லி, மறுப்புப் படிவத்தில் ஒப்பமும் வைத்தார். அதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை, விளக்கவும் இல்லை. அந்த மறுப்பு செல்லாது என்றது நீதிமன்றம். இப்படிப்பட்ட படிவங்கள் நோயாளிக்காக அல்ல, ஆஸ்பத்திரியைக் காப்பாற்றவே எழுதப்பட்டவை என்று டொனால்ட்சன் பிரபு கண்டித்தார். மறுத்தால் என்ன நடக்கும் என்பது நோயாளியின் கண்ணில் படும்படி படிவத்தை மாற்றி எழுதச் சொன்னார். 30 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் ராத்தாவின் கையில் வந்தது அதே மாதிரிக் கடதாசி.

தெரிந்து, விளங்கி, சுயமாக மறுக்கும் ஒருவரின் உரிமையை நான் பறிக்கச் சொல்லவில்லை. யெகோவாவின் சாட்சிகள் நம்பிக்கையின் பேரில் மறுக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த இரண்டு வரி அநியாயம்தான். செங்குருதிக் கலம், வெண்குருதிக் கலம், குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் நான்கையும் அவர்கள் ஏற்பதில்லை. ஆனால் திரவவிழையத்தில் இருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் போன்றவற்றை ஏற்பதா இல்லையா என்பது ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கு விட்டது. "இரத்தம் வேண்டாம்" என்ற ஒற்றை வரியை வைத்து நடுச்சாமத்தில் டொக்டர் எதைக் கொடுப்பார், எதை விடுவார்?

ஆகவே படிவத்தில் இவை இருக்க வேண்டும்:

1. நோயாளியின் மொழி. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நாம் சலுகை கேட்கவில்லை.
2. எது வேண்டாம், எது பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக ஆம்/இல்லை.
3. மாற்று வழிகள்: இரும்புச்சத்து ஏற்றுதல், இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து, சிந்தும் சொந்த இரத்தத்தைச் சுத்திகரித்துத் திரும்ப ஏற்றுதல். இவற்றில் எது அந்த ஆஸ்பத்திரியில் உண்டு, எது இல்லை என்றும்.
4. "மறுத்தால் நான் இறக்க நேரிடலாம்" என்று பெரிய எழுத்தில், தனியாக. ஆஸ்பத்திரியின் பொறுப்பு பற்றிய வரி வேறு இடத்தில்.
5. குடும்பத்தார் இல்லாமல் தனியே கேட்கப்பட்டதா, விளக்கியவர் யார், மொழிபெயர்த்தவர் யார்.
6. எந்த நேரமும் மனம் மாற்றலாம் என்ற வரி. கையில் ஒரு பிரதி.

"டொக்டர்மாருக்கு நேரம் எங்கே சேர்?" என்று கேட்பீர்கள். ராத்தாவுக்குத் தேவைப்பட்டது பத்து நிமிஷம். நல்ல படிவம் அந்தப் பத்தையும் ஐந்தாக்கும்.

"நமக்குத்தான் இரத்தம் ஹராம் இல்லையே, நமக்கென்ன?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் நம் மையித்துகளை எரித்தபோது, சம்மதம் இல்லாமல் ஒரு உடம்பில் கைவைப்பது எவ்வளவு பெரிய காயம் என்று நமக்கு விளங்கியது. அந்த வலி தெரிந்த நாம், அடுத்த நம்பிக்கைக்காரரின் சம்மதத்தையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஊர் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவில் நம்மவர்களும் இருக்கிறீர்கள். கட்டிலுக்கும் ஏ.சி.க்கும் காசு சேர்க்கிறீர்கள், நல்ல விஷயம். அடுத்த கூட்டத்தில் இந்தப் படிவத்தையும் மேசையில் வையுங்கள். எளிய தமிழில் எழுதித் தர நான் தயார். மருத்துவ விஷயத்தை ஒரு டொக்டர் சரிபார்க்கட்டும்.

அதுவரைக்கும், உங்கள் உம்மாவோ ராத்தாவோ ஒப்பம் வைக்கும் முன்னுக்கு "இத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.