மரண வேளையில் மனிதன் உரிமை

கோயமுத்தூர் இன்று ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன நகரம். கொங்கு நாட்டின் நாலா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் இங்கே வந்து சேருகிறார்கள். குணமடைந்து வீடு திரும்புவோர் பலர். ஆனால், இனிப் பிழைக்க வழியில்லையென்று தெரிந்த பின்னரும், சுவாச யந்திரத்தோடு பிணைக்கப்பட்டு, பேச்சும் நினைவுமின்றிக் கிடப்போரும் உண்டு. அவர்களுக்காகக் குடும்பத்தார் தோட்டத்தை அடகு வைக்கிறார்கள். நோயாளியின் விருப்பம் என்னவென்று அப்போது கேட்டுப் பயனில்லை. பதில் சொல்லும் சக்தி அவருக்கு இராது.

இந்த அவல நிலைக்குச் சட்டம் ஒரு பரிகாரம் அளித்திருக்கிறது. 2018-ம் வருஷம் மார்ச்சு 9-ந் தேதி, ‘காமன் காஸ்’ என்னும் சங்கம் தொடுத்த வழக்கில், ஸுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கௌரவத்துடன் இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து வழங்கும் வாழ்வுரிமையில் அடங்கியதே; புத்தி சுவாதீனமுள்ள, வயது வந்த எவரும், மீள முடியாத நோய் வந்தால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாமென்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்பது அதன் சாரம். மாஜிஸ்டிரேட்டின் கையொப்பம் வேண்டுமென்று அன்று விதித்த கடின நிபந்தனை, 2023 ஜனவரி 24-ந் தேதி தளர்த்தப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் அத்தாட்சியும் போதும். மூவர் மூவராக அமைந்த இரு வைத்தியக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசீலித்து இசைந்தால், சிகிச்சையை நிறுத்தலாம்.

இது போதாது, வைத்தியரே மருந்து கொடுத்து வேதனையை முடிக்கவும் அனுமதி வேண்டும் என்று வாதிப்போர் உளர். ஹாலந்தில் 2002 முதலும் கனடாவில் 2016 முதலும் அத்தகைய சட்டம் அமுலில் இருக்கிறது. யந்திரத்தை நீக்குவது தர்மமானால் மருந்து கொடுப்பது மட்டும் எப்படி அதர்மமாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1928-ல் ஸாபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்த ஒரு கன்றை ஊசி மருந்தால் இறக்கச் செய்தார் காந்தியடிகள். கண்டனங்கள் குவிந்தன. அதுவும் அஹிம்ஸையே என்று அவர் தயங்காமல் எழுதினார்.

ஆயினும், கன்றுக்கு வாயில்லை, மனிதனுக்கு உண்டு. ஆகவே மனிதன் விஷயத்தில் முதற்கேள்வி, முடிவு செய்வது யார் என்பதே. பெருந்துறைக்கு அருகில் விஜயமங்கலத்துச் சமணர் கோயிலில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. சிரவணபெளகுளத்துப் பெருஞ்சிலையை எழுப்பிய சாமுண்டராயரின் சகோதரி புலியப்பை, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் குறிப்பது அது. நம் காலத்திலும் ஆசாரிய வினோபா, 1982 நவம்பரில், உணவையும் மருந்தையும் மறுத்து உடலை நீத்தார். இவை அவரவர் சொந்த முடிவுகள்.

இதற்கு நேர்மாறானதும் தமிழ்நாட்டில் உண்டு. விருதுநகர்ப் பக்கத்தில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம். நோயுற்ற முதியோரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரால் உறவினரே பரலோகம் அனுப்பிவிடுவது அது. தமக்கு அந்நிலை வரப்போவதை அறிந்த ஒரு கிழவர் வீட்டை விட்டு ஓடிப் பிழைத்ததாக 2010-ல் செய்தி வெளியாயிற்று. சொத்துப் பங்கீடும், பராமரிக்கும் செலவும் கருணையின் வேஷம் பூண்டு வரும் தேசத்தில், மருந்து கொடுத்து முடிக்கும் அதிகாரத்தை இன்றே யாரிடமும் ஒப்படைப்பது அபாயம் என்பது நமது அபிப்பிராயம்.

இருக்கும் உரிமையை முதலில் கையாளுவோம். எழுத்து மூலம் ஏதும் இல்லாவிடில், நெருங்கிய உறவினரின் சம்மதமே நோயாளியின் சம்மதமாகக் கொள்ளப்படும் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. எழுதிய பத்திரத்தின் நகலை நகரசபையிலோ பஞ்சாயத்திலோ உரிய அதிகாரியிடம் ஒப்புவிக்கவும் ஸுப்ரீம் கோர்ட்டு வழி செய்திருக்கிறது. நமது ஊரில் அந்த அதிகாரி யார் என்று நண்பர்கள் நேரில் சென்று கேட்கட்டும். சரியான பதில் வரும்வரை விடாது கேட்கட்டும். இத்தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவர 2025 ஜனவரியில் கர்நாடக சர்க்கார் உத்தரவு பிறப்பித்தது. அண்டை ராஜ்யத்தால் முடிந்தது நம்மால் முடியாதா?

இன்னொரு கடமையும் உண்டு. வலி தாளாமல் சாவைக் கேட்பவனுக்கு வலியைத் தணிக்கும் மருந்தை மறுத்துவிட்டு, அவன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசம். மார்பின் கிடைப்பதற்கிருந்த தடைகளைத் தளர்த்தி 2014-லேயே சட்டம் திருத்தப்பட்டது. வீடு தேடிச் சென்று நோயாளியின் வேதனை தணிக்கும் தொண்டைக் கேரளம் ஊர்தோறும் நடத்திக் காட்டியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நடப்பது இப்பாலும் நடக்கவேண்டும். வேதனை தணிந்த நிலையில், அச்சமின்றி, தன் முடிவைத் தானே எழுதிக் கையெழுத்திட ஒவ்வொரு பிரஜைக்கும் வசதி ஏற்படட்டும். அதற்கு மேற்பட்டதைப் பற்றிப் பேசும் தகுதி அப்போது நமக்கு உண்டாகும்.