சுளுக்குன்னு யாருய்யா சொன்னது?

மதுரைக்காரர் காலில் என்ன கோளாறு வந்தாலும் பேரு ஒண்ணுதான்: சுளுக்கு! ஓடும்போது பின்னங்காலில் 'படீர்'னு சத்தம். யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருக்கு, திரும்பிப் பார்த்தா ஆளே இல்லை. அதுவும் சுளுக்காம். தேங்காய் எண்ணெய் போட்டு நீவி, முட்டைப் பத்து போட்டு, மூணு வாரம் காலி.

அது சுளுக்கு இல்லை சாமி. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாண் அறுந்துபோச்சு. டாக்டர்கள் 'அக்கிலஸ் டெண்டன்' என்பார்கள். "நொண்டி நொண்டி நடக்குறானே, அறுந்தா நடக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். மற்ற தசைகள் முட்டுக்கொடுக்கும். குப்புறப் படுக்கவைத்து கெண்டைக்காலை அமுக்கிப் பாருங்கள். பாதம் அசையவில்லையா? உடனே பெரியாஸ்பத்திரி எலும்புப் பிரிவுக்கு ஓடுங்கள். சீக்கிரம் போனால் சில பேருக்கு ஆபரேஷனே வேண்டாம், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப் போட்டே சேர்த்துவிடுவார்கள். ஒரு மாசம் கடந்தால் வேலையும் பெரிசு, செலவும் பெரிசு. பி.காம் படிச்ச எனக்கே இந்தக் கணக்கு புரியுது!

2010 மார்ச்சில் பெக்காமுக்கு மிலன் நகரில் இதே நாண் அறுந்தது. மறுநாளே ஃபின்லாந்தில் ஆபரேஷன். அவரும் அந்த வருட உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் போலீஸ் வேலைக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பழகுகிற நம்ம தம்பிக்கு? "வலியோட ஓடு, சரியாயிரும்" என்கிறார்கள் அண்ணன்மார்கள். சரியாகாது அண்ணே.

அறுபடாமல் வெறும் வலி என்றால் வைத்தியம் வீட்டு வாசப்படியிலேயே இருக்கிறது. சுவீடன் டாக்டர் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. ஆபரேஷன் செய்ய மறுத்துவிட்டார்கள். அறுந்தாலாவது செய்வார்கள் என்று கடுப்பில் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பார்த்தார். வலி போயிருச்சு! 1998-ல் அதையே ஆய்வாக வெளியிட்டார்: தினம் 180 தடவை, 12 வாரம். எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் மட்டும் படிக்குக் கீழே இறக்கக்கூடாது.

இதைச் சொல்லித்தர ஆளில்லை. நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி குத்த மட்டும் ஆளிருக்கிறது. வலி மறையும், நாண் நைந்துபோகும். இன்னொரு கூத்து, சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. இந்த வகை மாத்திரையால் நாண் அறுபடலாம் என்று 2008-லேயே அமெரிக்கா கட்டம் கட்டி எச்சரிக்கை போடச்சொன்னது. இங்கேயும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றுதான் சட்டம். பேதி என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றவர்களே, ஒரு தடவையாவது உங்களிடம் அந்தச் சீட்டைக் கேட்டிருக்கிறார்களா?